மயில்கழுத்தும் மூலக்கோப்பும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் திருச்சியில் படிக்கும் ஒன்பது மாணவர்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 14-ஆவது பதிப்பான ‘ஃபோர்க்கி’க்கு வால்பேப்பர் கேட்டு அறிவிப்பு வரும்போது ஆளுக்கொரு படம் அனுப்பலாம் என்று இருக்கிறோம். ஒன்பது போனால் ஒன்றாவது ஜெயிக்காதா என்பது கணக்கு. என் படத்தை இணைத்திருக்கிறேன். ஓட்டெடுப்பில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்கிறார்கள். வரையத் தெரியாதவர்கள் கலையைத் தீர்மானிப்பது நியாயமா? அதிக ஓட்டு விழ எப்படிப்பட்ட படம் அனுப்பலாம்? தூரிகையால் தீட்டுவதுபோல வரையும் கிரிட்டாவில் வரைவது நல்லதா, கோட்டு வடிவங்களாக வரையும் இங்க்ஸ்கேப்பிலா? ஏஐ படங்களை ஏற்பார்களா?

ர.

அன்புள்ள ர.,

படம் நன்றாக இருக்கிறது. மயில்கழுத்து நிறம் மேலே போகப்போகக் கறுக்கும் இடத்தில் கண் தானாகப் போய் நிற்கிறது. இடப்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்பில் ஐகான்கள் அங்கேதான் வரிசை கட்டும், அவற்றின் வெள்ளை எழுத்தும் உங்கள் படத்தின்மேல் தெளிவாகத் தெரியும். தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, இந்தக் கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆனால் நீங்கள் அனுப்பியிருப்பது 1920க்கு 1080 பிக்சல் அளவில் ஒரே ஒரு பிஎன்ஜி படம். டெபியனின் சுழிச் சின்னம் நட்டநடுவில், தோகையோடு உருகி ஒட்டிப்போய்க் கிடக்கிறது. இதை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு துரும்பையும் கிள்ளிப்போட முடியாது.

ஓட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன். 2021-இல் வந்த ‘புல்ஸ்ஐ’ பதிப்புக்கு 5,000 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். பிடித்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகும் முறை இல்லை, விருப்ப வரிசைப்படி அடுக்க வேண்டும். இரண்டு வருஷம் தினமும் அந்தப் படத்தைப் பார்க்கப்போகிறவர்கள் அவர்கள்தான், அவர்கள் தேர்ந்தெடுப்பதில் என்ன அநியாயம்? அதிக ஓட்டு வாங்குவது எப்படி என்ற கேள்வியை நான் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். ஏஐ படத்தில் பிறர் திருத்துவதற்குத் தனித்தனி அடுக்காகப் பிரித்த லேயரும் கிடையாது, கோடும் கிடையாது. அதை விடுங்கள்.

ஒன்பது பேர் ஒன்பது படம் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. லாட்டரிச் சீட்டா வாங்குகிறீர்கள்? ஜூலியட் டாக்கா என்ற பிரெஞ்சுக் கலைஞரின் வேலையைப் பாருங்கள். டெபியன் 8-இன் ‘லைன்ஸ்’, 9-இன் ‘சாஃப்ட்வேவ்ஸ்’, 11-இன் ‘ஹோம்வேர்ல்ட்’, 12-இன் ‘எமரால்ட்’ நான்கும் அவருடையவை. ஒவ்வொன்றிலும் வடிவங்களை எங்கே வெட்டினாலும், எங்கே நீட்டினாலும் அந்தப் பாணி அப்படியே நிற்கும். அது ஏன் முக்கியம் என்று தெரிய, தேர்வான படத்துக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

டெபியனில் ‘டெஸ்க்டாப்-பேஸ்’ என்று ஒரு பொதி, அதாவது மென்பொருள் மூட்டை, இருக்கிறது. அதில் ஒவ்வொரு தீமுக்கும் ஒரு ஃபோல்டர். உள்ளே வால்பேப்பர், சின்னம் சேர்த்த வால்பேப்பர், லாகின் பின்னணி, லாக் திரை, கணினியைப் போட்டதும் எந்த இயங்குதளம் என்று கேட்கும் க்ரப் மெனுவின் படம், கணினி எழும்போது தெரியும் ப்ளைமவுத் காட்சி என்று தனித்தனியாக இருக்கும். வால்பேப்பரே 4:3, 5:4, 16:10, 16:9 என நான்கு விகிதங்களில் வேண்டும். இவை போக இன்ஸ்டாலரின் தலைப்பட்டை 800க்கு 75 பிக்சல். பழைய பயாஸ் கணினிகளில் இன்ஸ்டால் மெனுவுக்குப் பின்னால் வரும் படம் 640க்கு 480. உங்கள் மயிலை அந்தத் தலைப்பட்டைக்கு முழு அகலத்தில் வெட்டிப் பாருங்கள். 1080 பிக்சல் உயரத்தில் 180தான் மிஞ்சும். சுழியின் வயிறும் கழுத்தில் ஒரு துண்டும் வரும், மயில் வராது.

க்ரப் இன்னும் கறார். இன்டர்லேஸ் செய்த பிஎன்ஜியை அது படிக்காது, ப்ரோக்ரெஸிவ் ஜேபெக்கையும் படிக்காது. இரண்டுமே எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒரு டிக் பெட்டியில் தெரியாமல் கை பட்டால் வரக்கூடியவை. அப்புறம் படம் ஏன் வரவில்லை என்று நாள்கணக்கில் தேடுவார்கள். ப்ளைமவுத்தில் எல்லோரும் மறப்பது கடவுச்சொல் பெட்டியை. வட்டை என்க்ரிப்ட் செய்திருப்பவர் கணினியைப் போட்டதும் முதலில் பார்ப்பது அதைத்தான். பெட்டி, பூட்டுப் படம், தட்டத்தட்ட வரும் புள்ளிகள் எல்லாவற்றையும் யாராவது வரைந்தாக வேண்டும்.

இத்தனையையும் செய்பவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒருவர், வேறொரு நாட்டில், வேலை முடித்து வந்து ராத்திரியில் செய்வார். டெபியன் 13, அதாவது ‘ட்ரிக்ஸி’க்கு 2024-இல் படம் கேட்டார்கள். 2025 மார்ச் 15-இல் பெரிய மாற்றங்களை நிறுத்திவைக்கும் உறைநிலையின் முதல்கட்டம் தொடங்கிவிட்டது, ஆகஸ்ட் 9-இல் வெளியீடு. நடுவில் உள்ள மாதங்களில் அந்த மனிதர் உங்கள் சுழியைப் பிக்சல் பிக்சலாகச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

ஆகவேதான் மூலக்கோப்பு வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். சட்டையை அளவு மாற்றக் கொடுத்தால் தையல்காரர் முதலில் உள்மடிப்பில் துணி விட்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். பிஎன்ஜியில் உள்மடிப்பே கிடையாது. இது வெறும் வசதிக்காகச் சொல்வதும் இல்லை. டெபியனின் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டு நெறிகளில் இரண்டாவதே மூலநிரல் இருந்தாக வேண்டும் என்பது. மாற்றம் செய்ய எந்த வடிவம் உகந்ததோ அதுவே மூலம் என்கிறது ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம். படத்துக்கு அது லேயர்கள் பிரித்த எஸ்விஜி, அதாவது பிக்சலாக இல்லாமல் கோட்டு வடிவங்களாகச் சேமித்த கோப்பு. கிரிட்டாவில் வரைந்தால் கேஆர்ஏ கோப்பு, ஆனால் அதை 3840க்கு 2160-இலாவது தொடங்கியிருக்க வேண்டும். கிரிட்டாவா இங்க்ஸ்கேப்பா என்று கேட்டீர்களே, இவ்வளவுதான் பதில்.

எஸ்விஜி என்றால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். இங்க்ஸ்கேப்பில் ஒரு புகைப்படத்தை இணைப்பாகச் சேர்த்தால் படம் உள்ளே வராது, உங்கள் கணினியில் அது இருக்கும் இடத்தின் முகவரிதான் கோப்பில் பதியும். அடுத்தவர் திறக்கும்போது அங்கே சிவப்புப் பெருக்கல் குறி நிற்கும். எழுத்து இருந்தால் அந்த ஃபான்ட் அவரிடம் இருக்காது. எழுத்தைப் பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி ஒரு லேயரிலும், மாற்றாமல் மறைத்து இன்னொரு லேயரிலும் வையுங்கள். வலைபோல் புள்ளி புள்ளியாக நிறம் கலக்கும் மெஷ் க்ரேடியன்ட் இங்க்ஸ்கேப்பைத் தாண்டினால் கிட்டத்தட்ட எங்குமே வராது. தோகைக் கண்களுக்கு அதைத்தான் பயன்படுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மங்கல் ஃபில்டர் நோம் டெஸ்க்டாப்பில் தெரியும், அங்கே எஸ்விஜியை வரைவது லிப்ஆர்எஸ்விஜி. கேடிஇ டெஸ்க்டாப்பில் அந்த வேலையைச் செய்யும் க்யூட்டி, ஃபில்டர்களை முழுமையாக ஏற்பதில்லை, மங்கல் போய் வெட்டுக்கோடுகள் மிஞ்சலாம். அதே கோப்பு, அதே கணினி, இரண்டு விதமான படம். சுழிக்குத் தனி லேயர், அதற்கு ‘சுழி’ என்றே பெயர். ‘பாத்4821’ என்று விட்டுவைத்தால் யாருக்கு என்ன புரியும்? டெபியனிலிருந்து கிளைத்த வேறு லினக்ஸ் விநியோகங்கள் முதலில் அணைப்பது அந்த லேயரைத்தான்.

மயில்கழுத்துக்கே ஒரு சிக்கல் உண்டு. மேல்பாதியில் நீங்கள் வைத்திருக்கும் கருமை சிவப்பு 10, பச்சை 26, நீலம் 36-இல் தொடங்கி 16, 34, 46-இல் முடிகிறது. எட்டு பிட்டில் நீலத்துக்கே பத்துப் படிகள்தான். அந்தப் பத்தையும் பெரிய திரையில் பரப்பினால் பட்டை பட்டையாகத் தெரியும், நல்ல மானிட்டரில் இன்னும் மோசமாகத் தெரியும். நிற இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது எக்ஸ்போர்ட்டுக்கு முன் மெல்லிய நாய்ஸ் தூவுங்கள். நாய்ஸ் தூவினால் பிஎன்ஜி ஊதிவிடும், பொதியில் ஒவ்வொரு எம்பிக்கும் கேள்வி கேட்பார்கள். நான் இடைவெளியைக் கூட்டுவேன்.

தோகை இழைகள் ஏதோ புகைப்படத்திலிருந்து வந்தவை போல இருக்கின்றன. யார் எடுத்தது? நெட்டில் இலவசமாகக் கிடைத்தது என்பது உரிமம் ஆகாது. பொதியின் காப்புரிமைக் கோப்பில் ஒவ்வொன்றுக்கும் பெயரும் உரிமமும் எழுதியாக வேண்டும். க்ரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 ஆகலாம். வணிகத்துக்குத் தடை, மாற்றத்துக்குத் தடை என்று வரும் எதுவும் ஆகாது.

ஒன்பது பேர் இருப்பது வரம். எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு தீம் செய்யுங்கள். இருவர் வரையட்டும். ஒருவர் விகிதங்களைப் பார்க்கட்டும், ஒருவர் க்ரப், இருவர் ப்ளைமவுத், ஒருவர் உரிமக் கணக்கு. மிச்சம் இருவர் மெய்நிகர் கணினியில் வட்டை என்க்ரிப்ட் செய்து டெபியனை நிறுவி, அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸில் ‘டெஸ்க்டாப்-தீம்’ என்பதை மாற்றி மாற்றிச் சோதிக்கட்டும். மாற்றியபின் அப்டேட்-க்ரப்பும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்ஸும் ஓட்ட வேண்டும். ஓட்டாமல் படம் மாறவே இல்லை என்று எனக்கு எழுதக் கூடாது.

இந்த வாரம் மெஷ் க்ரேடியன்ட்டுகளை எடுத்துவிட்டு, கோப்பை லிப்ஆர்எஸ்விஜியின் ஆர்எஸ்விஜி-கன்வர்ட் கட்டளையில் ஒருமுறை ஓட்டி, வருவதை இங்க்ஸ்கேப்பில் தெரிவதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் எஸ்விஜியை எனக்கு அனுப்புங்கள், புகைப்படம் எடுத்தவரின் அனுமதியோடு.