மனைவி வெளிநாட்டில் இருக்கும்போது அவருடைய அம்மா தவறிவிட்டார். இப்போதே சொல்வதா, வந்ததும் சொல்வதா?

மனைவி குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறார், ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, போன வாரம் அவருடைய அம்மா தவறிவிட்டார், வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணே, இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் 41 நாள் சொல்லாமல் இருந்தவன்.

நாங்கள் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம், தேயிலைத் தோட்டம். 2022இல் கோதுமை மாவும் மண்ணெண்ணெயும் ஏறிய விலைக்கு, 1000 ரூபாய் நாள் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்ட முடியவில்லை. அதனால்தான் என் மனைவியும் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு எடுக்கும் குடும்பப் பின்னணி அறிக்கைக்காக உத்தியோகத்தர் எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்து, "பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டபோது அவளுடைய அப்பா முன்னால் வந்து நின்றார். "நான் இருக்கேன் ஐயா" என்றார். எனக்கு அவர் மாமா.

மாமா அந்தக் காலத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். நான் தேயிலைப் பெக்டரியில் இராவேலை. விடிந்து வீட்டுக்கு வந்தால் ரொட்டி சுட்டு, பிளேன்டீ ஊற்றி மூடி வைத்திருப்பார். கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல்களால் சின்னவளுக்கு ரெட்டைப் பின்னல் போட்டுவிடுவார். ஒரு பின்னல் காதுக்கு மேலே இருக்கும், மற்றது கழுத்துக்குக் கிட்ட இருக்கும். அவள் அப்படியே ஸ்கூலுக்குப் போவாள், அவிழ்க்க விடமாட்டாள்.

2023 ஜூலை, விடாத மழை. விடியற்காலையில் நெஞ்சு வலி என்றார். வண்டி பிடித்து ரோட்டுக்கு இறங்குவதற்குள் போய்விட்டார்.

அன்றைக்கே பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். "அந்தப் புள்ள தனியா இருந்துகிட்டு என்ன செய்யும்? அழுதா வேலை பார்க்குற வீட்டுல ஏசுவாங்க. ஒப்பந்தம் முடியட்டும்." எனக்கும் அது அன்பாகத்தான் தெரிந்தது. தலையாட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைதான் அவள் பேசுவாள். அங்கே மாலை 6.30, இங்கே இரவு 9. பத்து நிமிடம்தான். வீடியோ போட்டால் சுவரில் மாலை போட்ட படம் தெரியும் என்று, சிக்னல் இல்லை என்பேன். "அப்பா எங்க?" என்பாள். தூங்குகிறார் என்பேன். "இருமல் மருந்து வாங்கினீங்களா?" வாங்கினேன் என்பேன். மூன்றாவது வெள்ளி, அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு என்று வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பணம் அனுப்பினாள். செத்தவர் கண்ணுக்கு வந்த காசு. அதைச் செலவழிக்கவும் முடியவில்லை, திருப்பி அனுப்பவும் முடியவில்லை. பழைய பேப்பரில் சுற்றிச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். தினம் விளக்கு வைக்கும்போது அந்தப் பொட்டலம் கண்ணில் படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கும் அப்படித்தான். மருமகனுக்கு என்ன துக்கம் என்றுதான் ஊர் நினைக்கும். பெற்ற அப்பனைவிட எனக்கு அவர்தான் கூட இருந்தார். பெக்டரியில் மேல்மாடியில் கொழுந்து வாட்டப் போட்டிருக்கும்போது காற்றாடிச் சத்தம் பெரிதாக இருக்கும். அங்கே நின்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்குவேன். யாரோடு சேர்ந்து அழ வேண்டுமோ, அவளிடமே மறைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சின்னவள்தான் சொன்னாள். போனைப் பிடுங்கி, "அம்மா, தாத்தாவ மேல்மலையில பொதைச்சாச்சு, நான் பூ போட்டேன்" என்றாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "எத்தன நாளாச்சு?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அவள் நாளை எண்ணிப் பார்த்தாள். "அன்னைக்கு இங்க விருந்து. நான் சிரிச்சுக்கிட்டே தட்டு கழுவினேன். ஆறு வெள்ளிக்கிழம மச்சான். ஆறு வெள்ளியும் எங்கிட்ட பொய்யா பேசினீங்க?" போனை வைத்துவிட்டு அவள் சமையல் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

அப்பா செத்ததைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள் அண்ணே. நான் ஒவ்வொரு வெள்ளியும் நல்லாயிருக்கிறார் என்று சொன்னதைத் தாங்க ரொம்ப நாளானது. அடுத்த பல மாதம், பிள்ளைகளுக்குச் சுகம் என்று சொன்னாலும் "உண்மையா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவாள்.

வரமுடியாது, பிறகு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நாங்களும் பேசினோம். வருவதா இல்லையா என்பதை அவள்தான் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். குவைத்தில் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், வருடத்துக்குச் சம்பளத்தோடு விடுமுறையும் தருகிறது. எல்லா வீட்டிலும் அது கிடைத்துவிடாது, எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கலாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் பேசி, அங்கே தூதரகம் வழியாக என்ன செய்யலாம் என்று நீங்களும் விசாரியுங்கள். நாங்கள் மறைத்ததில் அவளுக்கு அந்த ஒரு கேள்வி கேட்கும் வாய்ப்பும் போய்விட்டது.

சரி, எப்படிச் சொல்வது? அவர் வேலை முடித்துப் படுக்கப் போகும் நேரமாகப் பாருங்கள். அங்கே இரவு 11 என்றால் நமக்கு 1.30, விழித்திருங்கள். குரல் செய்தியாக அனுப்பாதீர்கள், நேராகப் பேசுங்கள். வேறு வேறு கதை சொல்லி வளைக்க வேண்டாம். அவர் அழுதால் வைத்துவிடாதீர்கள், நீங்களும் அழுங்கள். பக்கத்தில் நம்பிக்கையான ஆள் யாராவது, நம் ஊர்ப் பெண் வேலை செய்யும் வீடு எதுவும் இருந்தால், முன்னமே அந்த ஆளிடம் சொல்லி வையுங்கள். பதினாறாம் நாள் முடிந்திருக்காவிட்டால், அன்றைக்கு எந்தச் சேலை வைத்துக் கும்பிடுவது, என்ன சமைத்துப் படைப்பது என்று அவரிடமே கேளுங்கள்.

அந்த அம்மாவின் துணிமணிகளை இன்னும் ஒதுக்கவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும். என் மனைவி 2024 கடைசியில் வந்து இறங்கிய அன்று, பையைக்கூடக் கீழே வைக்காமல், "அப்பாவோட கம்பளி எங்க?" என்றாள். மழைக்குப் போட்டுப் போட்டு, புகையும் கொழுந்தும் மணக்கும் அவருடைய பழைய கம்பளி. நாங்கள் அதை எட்டாம் நாளே எரித்துவிட்டிருந்தோம். ஒரு சேலையையாவது, துவைக்காமல், மடித்து எடுத்து வையுங்கள்.