உதட்டுக் கொப்புளம் ஹெர்பிஸ்தானா என்று இரத்தம் எடுத்தால் தெரியுமா?

சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: உதட்டோரம் கொப்புளம் வந்து இரண்டு நாள் ஆகிறது, இரத்தப் பரிசோதனை போதுமா?

போதாதம்மா. ஹெர்பிஸ் ஒரு வைரஸ் தொற்று. இரத்தத்தில் பெரும்பாலும் தேடுவது அந்த வைரஸை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. புதிதாகத் தொற்றியவருக்கு அது தெரியச் சில வாரங்கள், சிலருக்கு 12 வாரம்கூட ஆகும். சிறு வயதிலேயே தொற்றியவருக்கோ எப்போது பார்த்தாலும் பாசிட்டிவ்தான். இந்தக் கொப்புளத்துக்குக் காரணம் அதுதானா என்று தெரியாது. புதிய தொற்றில் முதலில் உண்டாகும் எதிர்ப்பொருள் வகையான ஐஜிஎம்மைத் தேடும் பரிசோதனையின் முடிவை நான் நம்பவே மாட்டேன்.

உதட்டில் வந்ததை டாக்டர் பார்த்தே சொல்லிவிடுவது உண்டு. சந்தேகம் இருந்தால் கொப்புளத்திலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். நீர் கோத்த கொப்புளத்தின் மேல்தோலை மெல்லத் திறந்து, அடிப்பகுதியைக் குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். கொஞ்சம் எரியும், பொறுத்துக்கொள்ளுங்கள், அடியிலுள்ள செல்கள்தான் முக்கியம். அப்புறம் அதை வைரஸ் கெடாமல் காக்கும் திரவத்தில் போட்டு, குளிரில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பிசிஆர் முறை வைரஸின் டிஎன்ஏவைக் கண்டுபிடித்து, அது ஹெர்பிஸ் வகை 1-ஆ 2-ஆ என்றும் சொல்லும்.

பொருக்கு கட்டினால் வைரஸ் கிடைப்பது குறைந்துவிடும். அதனால் நாளைக் காலையே கிளினிக்குக் கிளம்புங்கள். அக்கி என்று பாட்டி காவி பூச வந்தால், மாதிரி எடுக்கும்வரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நெகட்டிவ் வந்தாலும் ஹெர்பிஸ் இல்லவே இல்லை என்று ஆகாது. மறுபடி கொப்புளம் எழும்பினால் முதல் நாளே போய்க் காட்டுங்கள்.