ஸ்டியரிங்கை ஒடித்தால் ‘டொக்’

கேள்வி: பின்சக்கரம் இழுக்கும் பிக்கப்பில் மீன் லோடு அடிக்கிறேன். முழுசாக ஒடித்துத் திருப்பினால் முன்பக்கம் ‘டொக்’கென்று சத்தம். சி.வி. ஜாயின்ட் போய்விட்டது என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: அவசரப்படாதீர்கள். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் முன்னால் சி.வி. ஜாயின்ட்டே (இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் மூட்டு) கிடையாது. அது முன்சக்கரமோ நான்கு சக்கரமுமோ இழுக்கும் வண்டிக்கான சந்தேகம், அதிலும் சத்தம் சக்கரம் சுற்றச் சுற்ற ‘டக் டக்’கென்று தொடர்ந்து வரும்.

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, வேறு ஒருவரை ஸ்டியரிங்கை இருபக்கமும் மெதுவாக ஒடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் வெளியே நின்று சத்தம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வண்டி நின்றபடியே சத்தம் வந்தால் பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் குண்டு மூட்டு) அல்லது டை ராடு எண்டு (ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை மூட்டு). அப்புறம் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டும் கொடுத்து (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது) ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங், பக்கவாட்டில் ஆடினால் டை ராடு எண்டு. லோடோடு ஓடும்போது மட்டும் சத்தம் வந்தால் பட்டை புஷ் (ஸ்பிரிங் பட்டையின் முனையில் இருக்கும் ரப்பர் உருளை), யூ போல்ட் (பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் வளைந்த போல்ட்) இரண்டையும் பார்க்க வேண்டும்.

பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள், அது கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும், பாம்பன் பாலத்தின் மேல் அப்படி ஆனால் என்ன கதி! டை ராடு எண்டு மாற்றினால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம். உங்களுக்குக் கடல் காற்றோடு மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீரும் சேர்கிறது. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கி ஜாயின்ட்டைத் தின்றுவிடும். லோடு இறக்கியதும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) இருந்தால் தவறாமல் கிரீஸ் அடியுங்கள்.