பிழை 26 வந்தால் கடவுச்சொல்லை மாற்றாதீர்கள்

கேள்வி: திருகோணமலை மத்திய வீதியில் ஹாட்வெயார் கடை நடத்துகிறோம். விபி டொட் நெட்டில் எழுதிய பில் புரோகிராம், எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இருக்கும் பின்னறைக் கணினியில் நன்றாக ஓடுகிறது. முன்னால் காசாளரின் கணினியில் மட்டும் பிழை 26 வருகிறது. கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பழைய கடவுச்சொல்லே போதும். அது தவறாக இருந்தால் வரும் எண் 18456. பிழை 26 என்றால் உங்கள் புரோகிராம் சேர்வரின் வாசலுக்கே இன்னும் வரவில்லை.

புரோகிராம் சேர்வரைத் தேடும் இணைப்பு வரியில், கணினிப் பெயரோடு 'எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரையும் சேர்த்து எழுதியிருப்பீர்கள். அந்தப் பெயருக்கு எந்தப் போர்ட் (இணைப்பை ஏற்கும் எண்ணிட்ட வாசல்) என்று யூடிபி 1434 வழியாக 'எஸ்கியூஎல் சேர்வர் பிரவுசர்' சேவையிடம்தான் கேட்க வேண்டும். அந்தச் சேவை ஓடாமல் இருந்தாலோ பயர்வோல் மறித்தாலோ பதில் வராது. சிறிய கடைக்கு இந்தச் சுற்றுவழியே வேண்டாம். நிலையான போர்ட் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

பின்னறைக் கணினியில் எஸ்கியூஎல் சேர்வர் கொன்பிகரேஷன் மனேஜரைத் திறந்து, எக்ஸ்பிரஸுக்கு உரிய புரோட்டோகோல்களில் டிசிபி ஐபியை இயக்குங்கள். எக்ஸ்பிரஸில் இது வழக்கமாக அணைந்தே இருக்கும். அதன் ஐபி முகவரிகள் பக்கத்தில் கடைசிவரை இறங்கினால் 'ஐபி ஓல்' பகுதி தெரியும். பலர் சறுக்குவது இங்கேதான். 'டைனமிக் போர்ட்ஸ்' பெட்டியில் 0 இருந்தால் அதையும் அழித்து வெறுமையாக விடுங்கள். 0 என்றால் 'நீயே ஒரு போர்ட்டைத் தேர்ந்துகொள்' என்று பொருள். கீழே 'டிசிபி போர்ட்' பெட்டியில் 1433 என்று இடுங்கள். சேவையை ரீஸ்டார்ட் செய்யும்வரை எதுவும் மாறாது.

விண்டோஸ் பயர்வோலில் உள்வரும் டிசிபி 1433ஐ, பிரைவேட் நெட்வேர்க்குக்கு மட்டும் அனுமதியுங்கள். ரவுட்டரில் இதே போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம், தயவுசெய்து. கரண்ட் போய் வந்தபின் ரவுட்டர் வேறு முகவரி கொடுத்துவிடலாம் என்பதால், பின்னறைக் கணினிக்கு ஒரே முகவரியை ஒதுக்கி வையுங்கள்.

இணைப்பு வரியில் இனிக் கணினிப் பெயர் வேண்டாம். 192.168.1.10,1433 என்பதுபோல முகவரி, காற்புள்ளி, போர்ட் போதும். முக்காற்புள்ளி இட்டால் இணையாது.

முன் கணினியின் பவர்ஷெல்லில் 'டெஸ்ட் நெட்கனெக்ஷன்' கட்டளையை அந்த முகவரிக்கும் போர்ட்டுக்கும் ஓட்டிப் பாருங்கள். கடைசி வரியில் 'ட்ரூ' வந்தால் வழி திறந்துவிட்டது. அதன்பின் 18456 வந்தால், சேர்வர் விண்டோஸ் பயனர்களை மட்டும் ஏற்கும் நிலையில் இருக்கக்கூடும். சேர்வரின் சொந்தப் பயனர்களையும் ஏற்கும் மிக்ஸ்ட் மோடுக்கு மாற்றி, மீண்டும் ஒரு ரீஸ்டார்ட் செய்து, 'எஸ்ஏ' என்ற நிர்வாகிக் கணக்கைத் தொடாமல் பில் புரோகிராமுக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்குங்கள்.