எந்த மகாலிங்கம்? எந்த மீனாட்சிசுந்தரம்?

சென்ற இதழில் புல்லாங்குழல் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, 'டி.ஆர். மகாலிங்கம்' என்று பெயரை மட்டும் குறிப்பிட்டு நிறுத்திக்கொண்டேன். அதைத் தொடர்ந்து காவிரிப் பாசன ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்குமேல், ஒரே பெயர் தாங்கிய பெரியோர்களைப் பற்றியனவாகவே இருந்தன. ஆகவே இம்முறை அக்கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நீங்கள் குறிப்பிட்ட டி.ஆர். மகாலிங்கம், 'ஸ்ரீவள்ளி' படத்தில் முருகனாக நடித்துப் பாடியவர்தானே? அவர் குழலும் வாசிப்பார் என்பது எனக்குப் புதிய செய்தி.
— மயிலாடுதுறை வாசகர்

பதில்: இருவரும் வேறு வேறானவர்கள். ஊரைச் சொல்லாமல் எழுதியது என் பிழை, பொறுத்தருள வேண்டுகிறேன்.

குழல் வாசித்தவர் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள திருவிடைமருதூரில் 1926ஆம் ஆண்டு பிறந்தவர்; தந்தையார் பெயர் ராமசாமி. அத்தலத்து இறைவன் மகாலிங்கசுவாமி என்பதால், அவ்வூரில் பிறந்த குழந்தைக்கு அப்பெயர் அமைந்ததில் வியப்பில்லை. இசை உலகம் அவரை 'மாலி' என்றே அழைத்தது. வாய்ப்பாட்டுக்கு உரிய கமகங்களை, அதாவது சுரங்களின் அசைவுகளையும் வளைவுகளையும், மூங்கில் குழலில் முழுமையாகக் கொண்டுவந்து, அதுவரை துணை வாத்தியமாகவே பலரும் எண்ணியிருந்த குழலுக்குக் கச்சேரி மேடையில் தனி இடம் பெற்றுத் தந்தவர் அவர். திருவாரூரைச் சேர்ந்த என். ரமணி அவருடைய மாணவர். மாலி 1986இல் மறைந்தார்.

'ஸ்ரீவள்ளி' 1945இல் வெளிவந்தது. அதில் நடித்துப் பாடிய மகாலிங்கம், மதுரை மாவட்டத்தில் சோழவந்தானை அடுத்துள்ள தென்கரையைச் சேர்ந்தவர். தந்தையார் பெயர் ராமகிருஷ்ணன். நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்த அவர் 1978இல் காலமானார்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பெயர் மட்டுமன்று. தலைப்பெழுத்தை நாம் எழுதும் முறையும் ஒரு காரணம். திருவிடைமருதூருக்கும் தென்கரைக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றே; ராமசாமிக்கும் ராமகிருஷ்ணனுக்கும் அவ்வாறே. எனவே இருவரும் 'டி.ஆர்.' ஆகிவிட்டார்கள். தமிழ் எழுத்தில் எழுதியிருந்தால் ஒருவர் தி.ரா. மகாலிங்கம், மற்றவர் தெ.ரா. மகாலிங்கம். ஒரு கொம்பும் ஒரு சுழியும் இரண்டு மனிதர்களைப் பிரித்துக் காட்டியிருக்கும். தமிழில் எழுதும்போதும் ஆங்கில முதலெழுத்துகளை ஒலிபெயர்த்து எழுதும் வழக்கம் நமக்கு எத்தனை தகவலை மறைத்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

கேள்வி: எங்கள் தெருவில் மட்டும் நான்கு சாமிநாதன்கள் இருக்கிறார்கள். இப்பகுதியில் சாமிநாதன், வைத்தியநாதன், தியாகராஜன் ஆகிய பெயர்கள் இவ்வளவு பெருகியிருப்பது ஏன்? புகழ்பெற்ற சாமிநாதன்கள் யார் யார்?
— கும்பகோணம் வாசகர்

பதில்: முதற் பகுதிக்கு விடை உங்களைச் சுற்றியுள்ள கோபுரங்களில் இருக்கிறது. சுவாமிமலையில் சுவாமிநாதசுவாமி, வைத்தீசுவரன்கோயிலில் வைத்தியநாதசுவாமி, திருவாரூரில் தியாகராஜசுவாமி. குலதெய்வத்தின் பெயரையோ, வேண்டிக்கொண்ட தலத்து இறைவனின் பெயரையோ குழந்தைக்கு இடுவதும், பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவதும் இங்கு வழிவழியாக வந்த வழக்கங்கள். இரண்டும் சேரும்போது ஒரு தெருவில் நான்கு சாமிநாதன்கள் இருப்பது இயல்பே.

புகழ்பெற்றவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர். 1855இல் பிறந்த அவருக்கு முதலில் இடப்பட்ட பெயர் வேங்கடராமன் என்பதும், வீட்டில் சாமிநாதன் என்று அழைத்து அதையும் 'சாமா' எனச் சுருக்கிக்கொண்டார்கள் என்பதும், அவர் பாடம் கேட்கச் சென்ற ஆசிரியர் அந்த வீட்டுப் பெயரையே விரும்பி நிலைபெறச் செய்தார் என்பதும் பலர் அறியாதவை. சுவாமிமலை முருகனின் பெயர் இப்படித்தான் சீவகசிந்தாமணிப் பதிப்பின் (1887) முகப்பை அடைந்தது. உங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் 1880 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழாசிரியராக இருந்தவரும் அவரே.

அடுத்தவர் வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன். 1925இல் கும்பகோணத்தில் பிறந்தவர்; தந்தையார் சாம்பசிவன் அங்கேயே மருத்துவராக இருந்தார். ஆனால் பெயருக்கு முன்னுள்ள 'எம்' கும்பகோணத்தைக் குறிப்பதில்லை. கேரளத்தின் குட்டநாட்டிலுள்ள மங்கொம்பு என்னும் மூதாதையர் ஊரைக் குறிக்கிறது. நெல் விளையும் ஒரு நாட்டை முன்பெயரிலும், நெல் விளையும் இன்னொரு நாட்டைப் பிறப்பிலும் கொண்டவர் பயிர் ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்டார் என்பதை எண்ணும்போது எனக்கு எப்போதும் மனம் நெகிழும். 2023இல் மறைந்த அவருக்கு அடுத்த ஆண்டு பாரத ரத்னா வழங்கப்பட்டது. இசையில் உமையாள்புரம் சுவாமிநாத ஐயரும் இருக்கிறார்; செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயர் பாடம் கேட்ட ஆசிரியர்களுள் ஒருவர்.

தியாகராஜன் என்ற பெயரில் நிலைமை இன்னும் சிக்கலானது. திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜ சுவாமிகளை (1767–1847) யாரும் தவறவிடமாட்டார்கள். மாயவரம் கிருஷ்ணசாமி தியாகராஜ பாகவதரையும் 'பாகவதர்' என்ற சொல் காப்பாற்றிவிடுகிறது. ஆனால் தியாகராச செட்டியார் என்று சொன்னால் எவரைக் கொள்வது? சாமிநாதையருக்கு முன் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து, தம் இடத்தில் அவரை அமர்த்தியவர் வித்துவான் தியாகராச செட்டியார். மதுரையில் கல்லூரி நிறுவியவர் கருமுத்து தியாகராசர். சென்னையின் தியாகராய நகருக்குப் பெயர் தந்தவர் பிட்டி தியாகராயச் செட்டியார். குலப்பெயர் சேர்த்தாலும் இம்மூவரையும் பிரிக்க முடியாது.

கேள்வி: உ.வே.சா.வின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ருக்மிணி தேவிக்கு நாட்டியமும் கற்பித்தார் என்று ஒரு மேடையில் கேட்டேன். தமிழ்ப் புலவர் நாட்டியமும் அறிந்திருந்தாரா?
— தஞ்சாவூர் வாசகி

பதில்: மேடையில் பேசியவர் இருவரை ஒருவராக்கிவிட்டார். ஆண்டுகளைப் பார்த்தாலே போதும். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815இல் பிறந்து 1876இல் மறைந்தார். ருக்மிணி தேவி அடையாற்றில் அரங்கேறியது 1935இல்.

ருக்மிணி தேவிக்குக் கற்பித்தவர்களுள் ஒருவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954). தஞ்சை நால்வர் என்று போற்றப்படும் நட்டுவனார்களின் வழியில் வந்த அவரிடம் ராம் கோபாலும் மிருணாளினி சாராபாயும் பயின்றார்கள். இன்று உலகின் பல நகரங்களில் ஆடப்படும் பந்தநல்லூர் பாணி அவர் தட்டுக்கழியிலிருந்து கிளம்பியது. மகாவித்துவானோ திருவாவடுதுறை ஆதீனத்தின் புலவர். தலபுராணங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் மாணவர்கள் ஏடும் எழுத்தாணியும் கொண்டு தொடர முடியாத விரைவில் சொல்லிக்கொண்டே போனவர்.

மூன்றாமவர் ஒருவரும் உண்டு: தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. மதுரை அம்மையப்பரின் பெயரைத் தாங்கி, ஒரே குலப்பெயரும் கொண்ட மூவர், ஒருவர் சொல்லுக்கும் ஒருவர் அடவுக்கும் ஒருவர் லயத்துக்கும் உரியவராக, சோழநாட்டில் சில மைல் இடைவெளியில் புகழ் பெற்றிருக்கிறார்கள். ஊர்ப்பெயரை எடுத்துவிட்டால் மூவரில் இருவர் மறைந்துபோகிறார்கள். பெரும்பாலும் மறைபவர்கள் நட்டுவனாரும் தவில்காரரும்தான் என்பதை நான் வருத்தத்துடன் கவனித்திருக்கிறேன். எழுதிவைத்தவருக்குப் பெயர் தங்குகிறது, ஆட்டுவித்தவருக்கும் வாசித்தவருக்கும் ஊர்ப்பெயர் ஒன்றே துணை.

கேள்வி: வேதநாயகம் சாஸ்திரியாரும் வேதநாயகம் பிள்ளையும் ஒருவரா? இருவர் கீர்த்தனைகளும் என்னிடம் உள்ளன.
— தரங்கம்பாடி வாசகர்

பதில்: இருவர். வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவனாகச் சுவார்ட்ஸ் ஐயருடன் தஞ்சைக்கு வந்து, இரண்டாம் சரபோஜியின் காலத்தில் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். அவர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர், 1864இல் மறைந்தார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் குளத்தூரைச் சேர்ந்த கத்தோலிக்கர்; மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர்; தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) அவருடையது. அவர்மேல் 'குளத்துக் கோவை' பாடியவர், முந்தைய பதிலில் கண்ட மகாவித்துவான். உங்களிடம் உள்ளவை 'சர்வசமய சமரசக் கீர்த்தனை'களாயின் அவை பிள்ளையவர்களுடையவை.

கேள்வி: தாராசுரம் கோயிலைக் கட்டியவரும் இராஜராஜன், பெரிய கோயிலைக் கட்டியவரும் இராஜராஜன். சுற்றுலா வருவோருக்கு எப்படி விளக்குவது?
— தாராசுரம் வாசகர்

பதில்: உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. கல்வெட்டுகளில் இரண்டு கோயில்களுக்குமே இராஜராஜேச்சரம் என்ற பெயர் வழங்கியிருக்கிறது. உங்கள் ஊர்ப்பெயரே இராஜராஜபுரம் என்பது திரிந்து வந்தது. தஞ்சையில் கட்டியவர் முதலாம் இராஜராஜன் (985–1014). விமானத்தின் உச்சியில் வைக்கும் செப்புக்குடத்தை அவர் அளித்தது 1010இல். உங்கள் ஊரில் கட்டியவர் இரண்டாம் இராஜராஜன். ஆட்சி தொடங்கியது 1146இல். இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு.

'முதலாம்', 'இரண்டாம்' என்பன வரலாற்றாசிரியர்கள் பின்னர் இட்ட எண்கள். கல்வெட்டில் அவை இல்லை. கல்வெட்டு வேறு வகையில் அடையாளம் காட்டுகிறது. அரசனின் புகழைச் சொல்லும் கல்வெட்டு முகவுரைக்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். முன்னவர் மெய்க்கீர்த்தி 'திருமகள் போல' என்று தொடங்கும். பின்னவருடையது 'பூமருவிய' என்று தொடங்கும். முன்னவர் இராஜகேசரி, பின்னவர் பரகேசரி. சோழர் அரியணை ஏறும்போது இவ்விரு பட்டங்களையும் மாறி மாறிப் பூண்டார்கள். வருவோரிடம் மெய்க்கீர்த்தியின் முதற்சொல்லைக் காட்டிச் சொல்லுங்கள். அது அவர்கள் மனத்தில் நிற்கும்.

கேள்வி: ஔவையார் எத்தனை பேர்?
— நாகப்பட்டினம் மாணவி

பதில்: அதியமானைப் பாடிய சங்க கால ஔவையார் வேறு, 'ஆத்திசூடி' பாடிய பிற்கால ஔவையார் வேறு என்பதில் ஐயமில்லை, இருவருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. சங்கப் புலவர் பலருக்கு ஊரோ தொழிலோ தந்தை பெயரோ முன்னால் நிற்கும். காவிரிப்பூம்பட்டினத்திலேயே காரிக்கண்ணனார், சேந்தன்கண்ணனார் என இரு கண்ணனார்கள் இருந்தும் அவர்கள் நமக்குக் குழம்பவில்லை. 'முல்லைப்பாட்டு' பாடியவர் பெயரே 'காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார்'. ஔவைக்கு அத்தகைய முன்னொட்டு எதுவும் இல்லை. அதனால் எல்லாக் கதைகளும் ஒரே மூதாட்டிமேல் ஏறிவிட்டன.

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் ஊர்ப் பெரியோர் பெயர்ப்பலகை வைக்கவிருக்கிறோம். 'ஸ்ரீனிவாச சாஸ்திரி' என்று எழுதினால் போதுமா?
— வலங்கைமான் வாசகர்

பதில்: போதாது. 'வலங்கைமான் சங்கரநாராயண ஸ்ரீனிவாச சாஸ்திரி, 1869–1946' என்று முழுமையாக எழுதி, கோகலேக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவராகவும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர் என்று ஒரு வரி சேருங்கள். ஊர்ப்பெயர் ஊராருக்குத் தெரிந்ததுதானே என்று விட்டுவிடாதீர்கள். பலகை நம் பேரப்பிள்ளைகளுக்கும் உரியது. தலைப்பெழுத்தாகச் சுருக்கவும் வேண்டாம்.

இடம் போதாது என்று யாரேனும் சொன்னால், அவர்களைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல்மகளிர் நானூறு பேருக்கு ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு நூறு கலம் நெல் அளித்த இராஜராஜன், அவர்கள் பெயரைக் கல்லில் வெட்டச் செய்தான். எல்லாருக்கும் முன்பெயர் 'நக்கன்' என்பதே. அதன்பின் வரும் பெயர்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனாலும் ஒருவரும் மற்றவருடன் கலந்துவிடவில்லை. ஏனெனில் தெற்குத் தளிச்சேரியா வடக்குத் தளிச்சேரியா, தென்சிறகா (தெருவின் தென்வரிசையா) வடசிறகா, அச்சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பதையெல்லாம் ஒவ்வொரு பெயருடனும் கல்தச்சன் பொறித்திருக்கிறான். ஆரூரிலிருந்து வந்த பெண்ணையும் ஐயாற்றிலிருந்து வந்த பெண்ணையும், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும், அவரவர் வீட்டு வாசலில் வைத்தே நாம் அறிந்துகொள்கிறோம்.