ஓபி (ஜப்பானிய கிமோனோ உடையின் இடுப்புப் பட்டை) கட்டு: கேள்வி-பதில்

கே: யுகாத்தாவுக்கு (கோடைக்கால மெல்லிய பருத்திக் கிமோனோ) தாய்கோ (முதுகில் பெட்டிபோல் நிற்கும் கட்டு) கட்டலாமா?

ப: வேண்டாம். ஹன்ஹபா (அரை அகல) ஓபியில் ஒரு புன்கோ (பட்டாம்பூச்சிபோல் விரியும் முடிச்சு) போதும்.

கே: முன்னால் முடிச்சு போட்டுப் பின்னால் திருப்பும்போது கழுத்துப்பட்டி கலைந்துவிடுகிறது.

ப: இடப்பக்கம் திருப்பியிருப்பீர்கள். கிமோனோவின் மேல்மடிப்பு இடமிருந்து வலமாகப் போகிறது. ஓபியையும் வலப்பக்கமே திருப்புங்கள்.

கே: ஓபி ரொம்ப நீளம். தாய்கோ கட்டியும் மிஞ்சுகிறது. வெட்டித் தைக்கலாமா?

ப: என்ன ஓபி, எத்தனை மீட்டர்? ஒன்றுமே எழுதவில்லை. அளவு எழுதாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது! ஃபுகுரோ (விசேஷங்களுக்கான நீள ஓபி) என்று வைத்துக்கொள்கிறேன். வெட்டாதீர்கள். நகோயா ஓபி (அதைவிடக் குட்டையான வகை) ஏறக்குறைய 3.5 மீட்டர், ஃபுகுரோ 4.5 மீட்டர் பக்கம். அந்தக் கூடுதல் ஒரு மீட்டர், தாய்கோவை இரட்டையாக மடிப்பதற்கே. நீங்கள் ஒற்றையாகக் கட்டுவதால் மிஞ்சுகிறது. இரட்டைத் தாய்கோ கட்டுங்கள். அப்படியும் தே முனை (தாய்கோவுக்குள் நுழைக்கும் முனை) நீண்டால், உள்பக்கம் மடித்துத் தாய்கோவுக்குள் செருகுங்கள், ஓபிஜிமே (ஓபியின் மேல் கட்டும் கயிறு) பிடித்துக்கொள்ளும். கியோத்தோவின் நிஷிஜின் தறியில் பொன்னிழை கோத்து நெய்த ஓபியைத் துண்டு போட்டு மேசை விரிப்பாக்கி இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும் துணி அது. இன்று உங்கள் இடுப்புக்கு நீளமாக இருப்பது, நாளை மகளுக்குச் சரியாக இருக்கும். ஒரு சாண் குறைத்துவிட்டால் அவளால் இரட்டைத் தாய்கோ கட்டவே முடியாமல் போகலாம். கத்திரிக்கோலை எடுத்து உள்ளே வையுங்கள்.

கே: துக்க வீட்டுக்கும் இரட்டைத் தாய்கோதானா?

ப: கூடவே கூடாது. இரட்டை, கல்யாணம் போன்ற நல்ல காரியங்களுக்கு. துக்கம் இரட்டிக்கக் கூடாது என்பதால் கறுப்பு நகோயா ஓபியில் ஒற்றைத் தாய்கோதான்.

கே: தாய்கோ பழங்காலக் கட்டா?

ப: அவ்வளவு பழசில்லை, 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம். எதோவில் (இன்றைய தோக்கியோ) கமேய்தோ தென்ஜின் ஆலயத்தின் வளைவுப் பாலத்தைப் புதுப்பித்தபோது, ஃபுககாவாப் பேட்டைக் கெய்ஷாக்கள் (ஆடல்பாடல் கலைஞர்கள்) அதன் வளைவைப் பார்த்துக் கட்டியது என்பார்கள்.

கே: ஓபி கட்டினால் மூச்சு முட்டுகிறது.

ப: முதலில் உள்ளே கட்டிய கயிறுகளைப் பாருங்கள், பெரும்பாலும் அவைதான் விலாவில் ஏறியிருக்கும். ஓபியின் கீழ்விளிம்பு இறுக வேண்டும், மேல்விளிம்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

கே: என் கணவருக்கு எந்தக் கட்டு? ஓபி வயிற்றில் நிற்காமல் நழுவுகிறது.

ப: இங்கும் அளவு இல்லை! சரி. காய்-நோ-குச்சி (ஆண்களின் வழக்கமான தட்டை முடிச்சு) போதும். காக்கு ஓபி (ஆண்களின் குறுகிய, விறைப்பான ஓபி) வயிற்றின் மேல் நிற்காது. தொப்பைக்குக் கீழே, முன்னால் தாழ்த்தி, பின்னால் சற்று ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். முடிச்சு முதுகெலும்பிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கட்டும். புதிதாக வாங்குவதானால் ஹகாத்தா நெசவு (ஃபுகுவோக்காவின் கெட்டிப் பட்டு) வாங்குங்கள். இறுக்கும்போது கீச்சென்று சத்தம் வரும், அப்புறம் லேசில் தளராது.