மணற்குன்றில் மட்டும் வாழும் உயிர்கள்

"பாலைவன மணற்குன்றுகளில் மட்டுமே வாழும் செடி, பூச்சி உண்டா? ஏன் வேறெங்கும் இல்லை?" என்று கேட்டிருந்தீர்கள்.

உண்டு. மணற்குன்றை ஒரு தீவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கல்லும் கட்டாந்தரையும். மணலுக்குப் பழகிய உயிருக்கு அதைத் தாண்டிப் போக வழியில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், யுரேகா பள்ளத்தாக்கில் யுரேகா மணற்குன்றுகள் இருக்கின்றன. உயரம் சுமார் 200 மீட்டர். யுரேகா மணற்புல் உலகிலேயே அந்தப் பள்ளத்தாக்கில்தான் வளர்கிறது. அதன் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் குழுவில், வேறு இனமே கிடையாது. இலை விறைப்பாக, நுனி ஊசி போலக் குத்தும். காற்று மணலை வாரிப் போட்டு மூடினால் சாதாரணச் செடி மூச்சுமுட்டிச் செத்துவிடும். இதுவோ புதைந்த தண்டின் கணுக்களில் வேர்விட்டு, மறுபடி மேலே எட்டிப் பார்க்கும். மழைநீர் மணலுக்குள் இறங்கி நின்றுவிடுவதால் அடியில் ஈரமும் கிடைக்கிறது. அப்புறம் மனிதர்கள் வண்டி ஓட்டி மணலைக் கலைத்தார்கள். 1978-இல் அமெரிக்க அரசு இதை அழியும் அபாயமுள்ள இனமாக அறிவித்தது; பாதுகாப்புக்குப் பின் 2018-இல் அந்த நிலை ஒரு படி தளர்ந்தது.

பூச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்து வண்டு. மூடுபனி வரும் நேரத்தில் குன்றின் உச்சிக்கு ஏறி, காற்றைப் பார்த்துத் தலைகீழாக நிற்கும். முதுகில் படியும் பனி துளியாகத் திரண்டு, வழிந்து நேராக வாய்க்கு வந்து சேரும்.